விசில் நாற்காலியில் இருந்தது

முதல் முறை பந்தைப் பறித்ததற்குக் காரணம் சொல்லிவிடலாம். இரண்டாவது முறைக்கும் சொல்லலாம். மூன்றாவது முறை பறித்துக்கொண்டு ஓடிப்போய்க் கூடையிலும் போட்டேனே, அதற்குத்தான் இன்றுவரை ஒழுங்கான காரணம் கிடைக்கவில்லை.

நான் ஒரு பெண்கள் கூடைப்பந்து அணியின் கோச். நடந்தது சின்ன விஷயம். கணுக்கால் பிசகி ஒருத்தி ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். ஐந்துக்கு ஐந்து ஆட ஓர் ஆள் குறைந்தது. நான் இறங்கினேன். ஃபுல் கோர்ட் பிரஸ்ஸை, அதாவது களம் முழுக்க நெருக்கி மறிப்பதை, உடைக்கும் பயிற்சி அது. அந்த வாரக் கடைசியில் நாங்கள் மோத இருந்த அணி பிரஸ்ஸை வைத்தே ஜெயிக்கிற அணி. 8 விநாடிக்குள் பந்து பாதிக் கோட்டைத் தாண்ட வேண்டும், இல்லையென்றால் எதிரணிக்குப் போய்விடும். பந்தைக் கொண்டுவர வேண்டியவள் எங்கள் பாயிண்ட் கார்டு, அணியிலேயே வயதில் சின்னவள். வலது பக்கம் விட்டால் பிடிக்க முடியாது. இடது பக்கம் தள்ளினால், கை மாற்றுவதற்குச் சற்று முன்னால் ஒரு முறை குனிந்து பந்தைப் பார்ப்பாள். அரை நொடிகூட இருக்காது. அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது.

முதல் முறை தட்டிவிட்டேன், பந்து கோட்டுக்கு வெளியே போனது. "கண்ணை மேல வை" என்றேன். இரண்டாவது முறை பந்து என் கைக்கே வந்தது. நின்று, அவளிடமே திருப்பிக் கொடுத்து, தோளைக் குறுக்கே வைத்துப் பந்தை மறைப்பது எப்படி என்று காட்டினேன். அதுவரை பயிற்சிதான், யாரும் குறை சொல்ல முடியாது. மூன்றாவது முறை அவள் சொன்னபடியே செய்தாள். தோளை வைத்தாள், தலையைத் தூக்கினாள். நான் வலது பக்கம் பாய்வதுபோலப் பொய்யாக ஓர் அடி வைத்தேன். அவள் நம்பிக் கை மாற்றினாள். பறித்தேன். பறித்ததும் நிற்கவில்லை, ஆளில்லாத பாதிக் களத்தில் தனியாக ஓடி லேஅப் போட்டேன். பின்னால் யாரோ கைதட்டினார்கள். யாரோ சிரித்தார்கள். இரண்டும் ஒரே ஆளாகவும் இருக்கலாம்.

திரும்பி வரும்போது அவள் குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"அக்கா, உங்களுக்கு இன்னும் விளையாடணும்னு இருக்கா?"

"மேட்ச்ல யாரும் உனக்குப் பாவம் பாக்க மாட்டாங்க. எழுந்திரு, பந்தை எடு" என்றேன்.

அவள் கேட்டதற்கும் நான் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை என்பது அன்று இரவு படுத்தபிறகுதான் உறைத்தது.

அந்த "அக்கா" வேறு. கல்லூரி முடித்த அடுத்த வருடமே துணைப் பயிற்சியாளராகச் சேர்ந்தபோது எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சிலர் முந்தைய வருடம் வரை எனக்கு எதிராக ஆடியவர்கள், அவர்களுக்கு அதுகூட வாயில் வரவில்லை, பெயரைத்தான் சொன்னார்கள். தலைமைப் பொறுப்புக்கு வந்ததும் நானே சொல்லி "கோச்" என்று மாற்றினேன். இவள் அதற்கு அப்புறம் வந்தவள். ஒரு நாளும் என்னை அக்கா என்றதில்லை. அன்று ஒரு தடவைதான். நக்கலாகக் கேட்டிருந்தால் "கோச்" என்றுதான் சொல்லியிருப்பாள், அப்போதுதான் குத்தும். கோபத்தில் கேட்டிருந்தால் ஒன்றுமே சொல்லிக் கூப்பிட்டிருக்க மாட்டாள். அப்படியானால் உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாளா? முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். லேஸைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். களத்தில் இறங்கும் முன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி நாற்காலியில் வைத்தேன். ஓடும்போது அது குதித்து நெஞ்சில் இடிக்கும், ஒரு முறை பல்லிலும் பட்டிருக்கிறது. அதனால்தான் கழற்றினேன். அதனால்தான் என்று நினைக்கிறேன். விசில் கையில் இருந்தால் மூன்றாவது முறை ஊதியிருக்க வேண்டியிருக்கும்.

ஆட்டக்காரி பயிற்சியாளர் ஆவதைப் பற்றி யாரும் சொல்லாத விஷயம், முதல் இரண்டு வருடம் நமக்கு ஒன்றுமே தெரியாது என்பதுதான். நன்றாக ஆடியவளுக்கு நன்றாகச் சொல்லித்தரத் தெரியும் என்று நம்பித்தான் என்னை எடுத்தார்கள், நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரு பெண் வந்து, "பந்தைப் பாக்காம எப்படி டிரிபிள் பண்றீங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கை தானாகச் செய்வதை வாய் எப்படிச் சொல்லும்? யார் எங்கிருந்து எறிந்தார்கள் என்று ஷாட் சார்ட் எழுதி, தண்ணீர் பாட்டில் நிரப்பி, பழைய ஆட்டங்களின் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துத்தான் நான் ஆடிய ஆட்டமே எனக்குப் புரிந்தது. குதித்து இறங்கும்போது முட்டி உள்பக்கமாக மடியக்கூடாது என்பதைக்கூட ஆடிய நாளில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. முட்டியின் முன் குறுக்குத் தசைநார் கிழிவது ஆண்களைவிடப் பெண் ஆட்டக்காரர்களுக்குப் பல மடங்கு அதிகம் என்பதையே கோச் ஆன பிறகுதான் படித்தேன். என்னோடு ஆடிய இரண்டு பேர் அப்படித்தான் ஆட்டத்தை விட்டார்கள். நாங்கள் அதைத் துரதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இப்போது என் பெண்கள் பந்தைத் தொடும் முன்னால் குதித்து இறங்கும் பயிற்சி செய்கிறார்கள், சலித்துக்கொண்டே செய்கிறார்கள். இதெல்லாம் நான் நல்ல கோச் என்பதற்கான ஆதாரம் என்று அந்த இரவு எனக்கு நானே அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது அதுவும் இல்லை.

ஒவ்வொரு சீசனின் முதல் வாரத்திலும் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். 1892இல் அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் செண்டா பெரன்சன் என்ற ஆசிரியை, அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்த கூடைப்பந்தைத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். பெண்கள் முரட்டுத்தனமாக ஆடிவிடக் கூடாதென்று விதிகளை மாற்றினார். களத்தை மூன்றாகப் பிரித்து, அவரவர் பகுதியை விட்டு நகரக்கூடாது. மூன்று முறைக்கு மேல் பந்தைத் தட்டக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் கையில் வைத்திருக்கக்கூடாது. முக்கியமாக, இன்னொருத்தி கையிலிருக்கும் பந்தைப் பறிக்கவோ தட்டிவிடவோ கூடாது. இதைச் சொல்லிவிட்டு, "நல்லவேளை நான் அப்ப பிறக்கலை, பட்டினியா கெடந்திருப்பேன்" என்பேன். பறிப்பதில்தான் எனக்குப் பேர். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரித்தாள். அந்த நாளுக்குப் பிறகு அந்தக் கதையைச் சொல்வதில்லை. கதை மேல் என்ன தப்பு, நல்ல கதைதான்.

என் பக்கத்தில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அமெரிக்காவில் பல கல்லூரிப் பெண்கள் அணிகள் பயிற்சியில் ஆண் மாணவர்களை எதிரணியாக நிறுத்துகின்றன. தங்களைவிட வேகமான, பலமான ஆளோடு மோதிப் பழகினால் மேட்ச் சுலபமாகத் தெரியும் என்பதுதான் கணக்கு. நானும் அதைத்தான் செய்தேன். செய்தேனா? அந்தப் பையன்களிடம் அடுத்த ஆட்டத்தில் யார் இறங்குவது, யார் பெஞ்சில் உட்காருவது என்று முடிவு செய்யும் அதிகாரம் கிடையாது. அவர்களிடம் பந்தைப் பறிகொடுத்தால் அவமானம் மட்டும்தான். என்னிடம் பறிகொடுத்தால், அதை நான் மனதில் குறித்துக்கொள்வேனோ என்ற பயமும் சேர்ந்து வரும். உண்மையில் குறித்துக்கொள்ளவும் செய்தேன்.

அமெரிக்கக் கோச் பாட் சமிட்டை இழுத்துக்கொண்டு வந்தும் வாதாடிப் பார்த்தேன். டென்னசி பல்கலைக்கழகத்தில் 1974இல் தலைமைப் பயிற்சியாளர் ஆனபோது அவருக்கு 22 வயது. பயிற்சியும் கொடுத்துக்கொண்டு, தானும் ஆடி, 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். பெண்கள் கூடைப்பந்து ஒலிம்பிக்கில் வந்ததே அந்த ஆண்டுதான். பிறகு 1,098 வெற்றி, 8 தேசியப் பட்டம். டான் ஸ்டேலி 2000இல் டெம்பிள் பல்கலைக்கழக அணிக்குப் பயிற்சியாளர் ஆன பிறகும் 2006 வரை தொழில்முறை லீகில் ஆடினார். ஆடுவதும் சொல்லித்தருவதும் ஒரே ஆளுக்குள் இருக்கலாம், யாரும் கெட்டுப்போகவில்லை. சரி. ஆனால் அவர்களுக்கு ஆட வேறு இடம் இருந்தது. பசி தீர ஆடிவிட்டுப் பயிற்சிக்கு வந்தார்கள். எனக்குக் கல்லூரியின் கடைசி மேட்ச்சோடு எல்லாம் முடிந்தது. காயம் இல்லை, சண்டை இல்லை, பெரிய சோகம் எதுவும் இல்லை. அடுத்து ஆட ஓர் அணி இல்லை, அவ்வளவுதான். சீருடையைத் திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தக் கடைசி மேட்ச்சில் என் கையிலிருந்து யாராவது பந்தைப் பறித்துத் தோற்கடித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வசதியாக இருந்திருக்கும். அந்தக் கடனைத்தான் இவளிடம் தீர்த்துக்கொண்டேன் என்று எழுதி நிம்மதியாகப் போயிருப்பேன். அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த மேட்ச்சில் நாங்கள் ஜெயித்தோம். மூன்றாவது முறை பறித்தபோது என்ன இருந்தது என்றால், சந்தோஷம் இருந்தது. கால் தானாக ஓடியது. பலகையில் பட்டுப் பந்து விழுந்த சத்தம் பிடித்திருந்தது. எதிரில் இருந்தவள் என் பொறுப்பில் இருக்கிற பெண் என்பது அந்த நான்கைந்து விநாடி எனக்கு ஞாபகமே இல்லை.

அந்த வாரக் கடைசியில் மேட்ச். முந்தைய முறை அதே அணியோடு 23 டர்ன்ஓவர் கொடுத்திருந்தோம், அதாவது 23 தடவை பந்தை இழந்திருந்தோம், இந்த முறை 11. அதில் அவளுடையது இரண்டே இரண்டு. இடது கையில் பந்தைக் கொண்டுவந்தாள், தலை நிமிர்ந்தே இருந்தது. ஜெயித்தோம். என் துணைப் பயிற்சியாளர் பக்கத்தில் வந்து, "அன்னிக்கு நீங்க குடுத்த வைத்தியம் வேலை செஞ்சிருக்கு கோச்" என்றார். நானும் தலையாட்டினேன். பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, பார்த்தாயா, சரியாகத்தானே செய்தேன் என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து வேறொன்று தெரிந்தது. கணுக்கால் பிசகி உட்கார்ந்திருந்தாளே, அவள் சொன்னாள். நான் அன்று இறங்குவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே அவர்கள் இருவரும் அரை மணி நேரம் முன்னதாக வந்து இடது கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்களாம். சின்னவள் டிரிபிள் செய்வாள், பெரியவள் முகத்துக்கு நேரே விரல்களைக் காட்டுவாள், எத்தனை விரல் என்று சொல்லிக்கொண்டே கை மாற்ற வேண்டும். கணுக்கால் பிசகிய பிறகும் நாற்காலியில் உட்கார்ந்தபடி விரல் காட்டியிருக்கிறாள். நான் கண்டுபிடித்து வைத்திருந்த குறை அவளுக்குத் தெரியாது என்று மேலே எழுதினேன் அல்லவா? தெரிந்திருக்கிறது. சரிசெய்துகொண்டிருந்தவளிடம்தான் மூன்று முறை பறித்திருக்கிறேன். அல்லது, நான் பறித்ததால்தான் அது சீக்கிரம் சரியானதா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு வழியில்லை. இடது கை இடது கைதான், அது யார் பேரையும் சொல்லாது.

சீசன் முடிந்ததும் அவள் வந்து, "கோச், அடுத்த வருஷம் நான் விங்ல ஆடட்டுமா? பந்தை வேற யாராவது கொண்டுவரட்டும்" என்றாள். விங் என்றால் பக்கவாட்டில் நின்று ஆடும் இடம். ஏன் என்றேன். "ஷூட் பண்ணப் பிடிக்குது." நம்பக்கூடிய காரணம்தான், அவள் கை நல்ல கை. ஆனால் நான் சரி என்று சொன்ன வேகம் எனக்கே கொஞ்சம் அதிகமாகப் பட்டது. வேறு யாராவது கேட்டிருந்தால் வீடியோவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசியிருப்பேன், ஒரு பாயிண்ட் கார்டு உருவாக எத்தனை வருடம் ஆகும் என்று பாடம் எடுத்திருப்பேன். இவளிடம் வாயைத் திறக்கவில்லை. இப்போது விங்கில் முன்னைவிட அதிகம் புள்ளிகள் எடுக்கிறாள். அணியும் முன்னைவிடப் பரவாயில்லை. பந்தைக் கொண்டுவருகிறவள்தான் இன்னும் தடுமாறுகிறாள்.

போன வாரம் மறுபடியும் ஒன்பது பேர்தான் வந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். விசில் கழுத்தில் இருந்தது. "நாலுக்கு அஞ்சு ஆடலாம், ஆள் கொறஞ்சாலும் சமாளிக்கப் பழகணும்" என்றேன். அது நல்ல பயிற்சிதான், நானாகக் கண்டுபிடித்த சாக்கு இல்லை.

"ஏன் கோச், நீங்க எறங்கலையா?" என்று அவள்தான் கேட்டாள். இந்த முறை முகத்தைப் பார்த்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது.

"முட்டி வலி" என்றேன்.

என் முட்டிக்கு ஒன்றும் இல்லை.