அப்பா, நீங்கள் தொடாதேங்கோ

கடந்த மார்கழிக்கு முந்திய மார்கழி விடுமுறையின் முதற் சனிக்கிழமை, அப்போது தரம் 2 இல் படித்த என் மகளுக்கு ஒரு பட்டம் கட்டிக்கொடுக்க வேண்டும் என்று முடிவெடுத்து, விளக்குமாற்றிலிருந்து நேரான ஈர்க்குகள் இரண்டை உருவி, சிவப்பும் மஞ்சளுமாக ரிசுத்தாள் வாங்கி, கோதுமை மாவில் பசை காய்ச்சிக்கொண்டு யாழ்ப்பாணத்து இணுவிலில் எங்கள் வீட்டு முற்றத்து மாமரத்தடியில் பாயை விரித்து உட்கார்ந்தேன். அவள் என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு அமர்ந்து பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு அவளைக் காணவில்லை. நான் ஈர்க்கை வில்லாக வளைத்து, தாளின் ஓரங்களை மடித்து ஒட்டி, பறக்கவிடும் நூலைப் பிணைக்கும் முச்சையும் கட்டி நிமிர்ந்தபோது, மிஞ்சிய பசையை ஒரு சிரட்டையில் அள்ளிக்கொண்டுபோய், வாழையிலைக் கிழிசல்களை ஒன்றோடொன்று ஒட்டுவதில் அவள் மூழ்கியிருந்தாள். பட்டம் மிக அழகாக வந்திருந்தது. ஆனால் அது என்னுடைய பட்டம்.

மறுநாட் காலை அவளே வந்து, இன்னொரு பட்டம் கட்டுவோமா என்று கேட்டாள். சொல்லி முடிப்பதற்குள் ஒரு நிபந்தனையும் வந்தது: "ஆனா அப்பா, நீங்கள் தொடாதேங்கோ."

ஏழு வயதுப் பிள்ளை ஒன்று ஈர்க்கின் நடுப்பகுதியைத் தேடி முதலில் கண்ணாலும், பின்னர் விரலாலும், கடைசியில் அதை ஒடித்துப் பார்த்தும் கண்டுபிடிக்கும் வரை கைகளைக் கட்டிக்கொண்டு அருகில் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஒடிந்த ஈர்க்குக்குப் பதில் வேறொன்று எடுத்தாள். நூலை ஏழெட்டுத் தரம் சுற்றி, முடிச்சுப் போடத் தெரியாமல் அதன்மேல் பசையைப் பூசினாள். தாளில் ஈரம் கூடிக் கிழிந்த இடத்துக்குப் பழைய கொப்பித் தாளில் ஒரு ஒட்டுப் போட்டாள். அந்த ஒட்டில் அவளுடைய கழித்தல் கணக்கு ஒன்று தலைகீழாகத் தெரிந்தது. நான் முந்திய நாள் முக்கால் மணித்தியாலத்தில் முடித்ததை அவள் இரண்டரை மணித்தியாலம் செய்தாள். ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை.

வாடைக்காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்ததால் பின்னேரமே வீட்டின் பின்புறத்துத் தோட்டவெளிக்குப் போனோம். மின்கம்பிகள் இல்லாத வெளியாகப் பார்த்துப் போக வேண்டும் என்பதை மட்டும் நான் தீர்மானித்தேன். பட்டம் ஒரு பனை உயரம் ஏறி, இரண்டு சுற்றுச் சுற்றி, நேராக மண்ணில் வந்து குத்தியது. வால் பாரம் போதாது என்பது எனக்கு உடனே விளங்கிவிட்டது. சொல்லாமல் இருந்தேன். மூன்றாம் முறை குத்திய பிறகு அவளே வாலைப் பிடித்துப் பார்த்து, என் பழைய சாரத்திலிருந்து கிழித்து வைத்திருந்த துண்டுகளையெல்லாம் முடிந்தாள். இப்போது பட்டம் கிளம்பவே மறுத்தது. ஒரு துண்டை அவிழ்த்தாள், இன்னொன்றை அவிழ்த்தாள், ஐந்து துண்டுகள் மிஞ்சியபோது அது ஏறி நின்றது. நூல் அவளுடைய விரலை இழுத்தபோது அவள் போட்ட சத்தத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் நீர் இறைத்துக்கொண்டிருந்தவர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தார்.

அடுத்த மாதம் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நடக்கும் பட்டப் போட்டிக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆளை விடப் பெரிதாக, நாம் நினைத்தும் பார்க்காத வடிவங்களில் எல்லாம் பட்டங்கள் எழும் அந்தக் காட்சியை வருடத்தில் ஒரு தடவையாவது பார்க்க வேண்டும். பட்டங்களில் கட்டியிருந்த விண் கூவும் ஒலி காதுக்குள் நின்றது. ஒரு மணித்தியாலம் வாயைத் திறந்தபடி பார்த்தவள் பின்னர் கேட்டது இதுதான்: "இதெல்லாம் பெரியாக்களோ கட்டினவை?" ஆம் என்றேன். "பாவம், சின்னாக்களுக்கு ஒண்டும் குடுக்கேல்லை" என்றாள்.

அதற்குப் பிறகு, பாடசாலை விட்டு வந்த பின்னேரங்களிலும் வார இறுதிகளிலும் அவளோடு செய்யக்கூடியவற்றைத் தேடும்போது, பிள்ளையின் கையில் முழுவதுமாக விட்டுவிடக்கூடிய வேலையா என்று மட்டுமே பார்க்கிறேன். செலவு, பயன், அறிவு வளர்ச்சி என்பவற்றை எல்லாம் கணக்கில் எடுப்பதை விட்டுவிட்டேன். எழுத்துகளும் எண்களும் அச்சிட்ட விலையான அட்டைப்பெட்டி ஒன்றை ஒருமுறை வாங்கி வந்தேன், இரண்டாம் அட்டையிலேயே, "இதுவும் ரியூசனோ அப்பா?" என்று கேட்டாள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தரம் 3 இலேயே வகுப்புத் தேடும் ஊரில் அந்தக் கேள்வியில் அவளுக்கு எந்தப் பகிடியும் இருக்கவில்லை. அந்தப் பெட்டி இப்போது அலுமாரியின் மேற்தட்டில் இருக்கிறது.

எங்கள் வளவில் மிக அதிக நாட்கள் நீடித்த விளையாட்டுக்கு ஒரு சதமும் செலவாகவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கியாறும் மழைக்காலத்தில்தான் ஓடும். சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கித் தங்கும் மழைநீரைத்தான் கிணறுகளில் அள்ளுகிறோம். ஆகவே மழை பெய்யப் பெய்யக் கிணற்றில் நீர் எவ்வளவு ஏறுகிறது என்று அளப்போம் என்றேன். ஒரு நைலோன் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சாக இருபத்தைந்து முடிச்சுகள் போட்டோம். நுனியில் இரண்டு கூழாங்கற்கள் போட்ட வெற்றுப் பால்மா ரின் ஒன்றைக் கட்டினோம். அது நீரைத் தொடும்போது கேட்கும் 'டொக்' என்ற ஒலிக்காகவே அவள் சனிக்கிழமைகளை எண்ணத் தொடங்கினாள். கிணற்றுக்கட்டு அவளுடைய நெஞ்சளவு உயரம், மேலே வலையும் போட்டிருக்கிறோம். என்றாலும் நான் பக்கத்தில் நிற்காமல் கிணற்றடிக்குப் போகக்கூடாது என்பது இந்த விளையாட்டின் ஒரே சட்டம்.

ஐப்பசி தொடக்கத்தில் பத்தொன்பது முடிச்சு. கார்த்திகை முடிவில், நான்கு நாள் விடாமல் பெய்த மழைக்குப் பிறகு, பத்து முடிச்சு. கொப்பியில் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தவளுக்கு முகம் வாடிவிட்டது. "இவ்வளவு மழை பெஞ்சும் தண்ணி ஏன் குறைஞ்சது?" விளக்கம் என் நுனிநாக்கு வரை வந்தது, தொடாதே என்ற கட்டளை நாக்குக்கும் பொருந்தும் என்று நினைத்து விழுங்கிக்கொண்டேன். கிணற்றை எட்டிப் பார்க்க மட்டும் சொன்னேன். நீர் அருகில் தெரிந்தது, எண் சிறிதாக இருந்தது. இரண்டும் அவளுக்குப் பொருந்தி வரவில்லை. இரண்டு நாள் அதைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை. மூன்றாம் நாள் இரவு, பிட்டைப் பிசைந்துகொண்டிருந்தவள் திடீரென நிமிர்ந்து, "கயிறு குறைஞ்சா தண்ணி கூட!" என்றாள். அவளுடைய அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கை கழுவாமலே ஓடிப்போய்க் கொப்பியை எடுத்து, நீளமான கோடு ஒன்றும் குட்டையான கோடு ஒன்றும் கீறி, இரண்டின் கீழும் நீல நிறத்தில் தண்ணீர் தீட்டினாள். அந்தப் பக்கத்தில் தேங்காய்ப்பூ ஒட்டிய விரல் அடையாளம் இன்றும் இருக்கிறது.

பனையோடு செய்யும் வேலைக்கு இதைவிடப் பொறுமை வேண்டும். ஆவணியில் விடியற்காலையில் எழுந்து, விழுந்து கிடக்கும் பனம்பழங்களைப் பொறுக்குவதே பாதி விளையாட்டு. பழத்தைப் பிசைந்து களி எடுத்தபின் விதைகளை மண்ணில் அடுக்கிப் பாத்தி போட்டால் மூன்று நான்கு மாதங்களில் கிழங்கு இறங்கிவிடும். ஆனால் ஏழு வயதில் மூன்று மாதம் என்பது ஒரு யுகம் என்பதால், எங்கள் பாத்தியின் ஓரத்து விதைகள் அடிக்கடி சோதனைக்கு உள்ளாகின. அப்படி முற்றுமுன்னே பிடுங்கப்பட்ட ஒரு விதையைப் பிளந்து, உள்ளே வெள்ளையாகப் பஞ்சுபோல் இருந்த, பூரான் என்று சொல்லும் உட்சதையைக் காட்டினேன். கத்தி பிடிக்கும் வேலைக்கு மட்டும் என் கைக்கு அனுமதி உண்டு. அதைக் கடித்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு இனிப்பான சாமானை ஏன் ஒருவரும் தனக்கு முன்னமே சொல்லவில்லை என்று அப்பம்மாவிடம் போய் முறையிட்டாள். தையில் கிழங்கு கிண்டி அவித்தபோது, தோலை உரிப்பதும், கிழங்கை நீளவாக்கில் பிளந்து நடுவிலிருக்கும் ஈர்க்கை எடுப்பதும், தும்பை இழுத்துக் களைவதும் அவளுடைய பொறுப்பு. மிளகும் உள்ளியும் உப்பும் சேர்த்து உரலில் இடித்தவர் அப்பம்மா. உலக்கைக்கு இன்னும் உயரம் போதாது என்று சொல்லி ஒருவாறு சமாளித்தோம்.

நல்லூர்க் கொடியேற்றம் தொடங்கியதும் எங்கள் முற்றத்திலும் குரும்பட்டித் தேர் ஓடத் தொடங்கிவிடும். தென்னையின் கீழ் உதிர்ந்து கிடக்கும் குரும்பட்டிகளில் ஈர்க்குத் துண்டுகளைக் குத்தி, சதுரத்தின் மேல் சதுரமாகச் சிறுத்துக்கொண்டே போனால் தேர் எழும்பும். செவ்வரத்தம்பூவும் நந்தியாவட்டையும் செருகினால் சோடனை முடிந்தது. இருபத்தைந்து நாள் திருவிழாவில் தேர் இருபத்துநான்காம் நாளில்தான் வரும் என்பது என் மகளுக்குத் தெரியும், ஆனாலும் அவளுடைய தேர் நாளொன்றுக்கு இரண்டு தடவை வீதி வலம் வரும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வடம் பிடிப்பார்கள். சிதறு தேங்காயாக உடைக்கப்படுவதும் குரும்பட்டிதான்.

இவ்வளவும் வளவுக்குள். வெளியே போவதென்றால் ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம் யாழ்ப்பாணக் கோட்டை எங்களுக்குப் போதும். போர்த்துக்கேயர் கட்டிய கோட்டையை 1658 இல் கைப்பற்றிய ஒல்லாந்தர் பின்னர் ஐங்கோணமாக்கிக் கட்டினார்கள் என்ற வரலாறு அவளுக்குப் பெரிய விடயமாகப் படவில்லை. மதிலில் நடந்து மூலைகளை எண்ணி ஐந்து என்று தானே கண்டது பெரிய விடயமாகப் பட்டது. அதைவிடவும் பெரிய விடயம் முருகைக்கல். சுவரில் பதித்திருக்கும் கற்களில் பூப்பூவாகத் தெரியும் கோலங்கள் ஒரு காலத்தில் கடலுக்குள் உயிரோடு இருந்தவை என்று சொன்னதும் அவள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். வெள்ளைத்தாளை அந்தக் கல்லின்மேல் வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேய்த்தால் கோலம் அப்படியே தாளில் இறங்கும். போன தடவை ஒன்பது தாள்கள் சேர்ந்தன. அவற்றில் ஒன்று சுவரில் இருந்த ஒரு மட்டத்தேளின் கதையையும் உள்ளடக்கியது. அதை அவளுடைய அம்மா படிக்காமல் இருப்பதே நல்லது.

காங்கேசன்துறை வரை புகையிரதத்தில் போய்த் திரும்பி வருவதும், ஒவ்வொரு நிலையத்துப் பெயர்ப்பலகையையும் வண்டி நிற்குமுன் வாசித்துவிட வேண்டும் என்று போட்டி வைப்பதும் நல்ல பொழுதுதான். பூவரசம் இலையைச் சுருட்டி ஊதும் பீப்பியைப் பற்றி நான் இங்கு விரிவாக எழுதப்போவதில்லை. நான் ஊதியபோது காற்று மட்டுமே வந்தது என்பதும், அவள் ஊதியபோது நாய் குரைத்தது என்பதும் போதும்.

போன சனிக்கிழமை அவள் அம்மம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கிணற்றளவை என்னிடம் ஒப்படைத்துவிட்டு, எண்ணைக் கொப்பியில் எங்கே எழுத வேண்டும் என்று பென்சிலால் புள்ளியும் வைத்துவிட்டுப் போனாள். நான் அளந்து பதினாறு என்று எழுதினேன். ஞாயிறு மாலை வந்தவள் சப்பாத்தைக் கழற்றுமுன் கொப்பியைப் பார்த்தாள். ஒரு கிழமையில் மூன்று முடிச்சு இறங்காது, போன கிழமை பதின்மூன்று, அதற்கு முதல் கிழமை பன்னிரண்டு என்றாள். "நீங்கள் வடிவா எண்ணேல்லை." கயிற்றை எடுத்துக்கொண்டு இருவரும் கிணற்றடிக்குப் போனோம். 'டொக்' என்று கேட்டதும் அவள் கயிற்றைக் கட்டோடு சேர்த்துப் பிடித்து, மேலே இழுக்க இழுக்க ஒவ்வொரு முடிச்சையும் பெருவிரலால் அமத்தி எண்ணினாள். பதினான்கு. அழிறப்பரை என்னிடம் தந்தாள்.