வேலைக்கு ஏடிவி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது சிசி அல்ல

சுமை இழுக்க, மருந்து தெளிக்க, வேலிக் கம்பம் ஏற்றிப் போக என்று ஏடிவி (மண், சேறு, மேடு பள்ளத்தில் ஓடும் நான்கு சக்கர வண்டி) தேடுபவர்கள் எடுத்ததும் கேட்பது "எத்தனை சிசி?" என்றுதான். 400 முதல் 500 சிசி வரையுள்ள ஒற்றை சிலிண்டர் இன்ஜினே இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குத் தாராளம். வேலை நடுவில் வண்டி படுத்துவிடுவது பெரும்பாலும் இன்ஜினால் அல்ல, இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பவற்றால். அதனால் முதல் கேள்வி, கியரா பெல்ட்டா?

ஹோண்டா ராஞ்சர் 420 மாதிரி வண்டிகளில் ஆயிலில் ஓடும் பல்சக்கரக் கியர்பாக்ஸ். யமஹா, போலாரிஸ், கேன்-ஆம், சுசுகி கிங்குவாட் எல்லாம் சிவிடி, அதாவது இரண்டு புல்லி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். கியர் மாற்றும் வேலையே இல்லாததால் பெல்ட் வண்டி ஓட்ட சுகம். ஆனால் பெல்ட் தேயக்கூடிய பொருள், தவறாக ஓட்டினால் ஒரே நாளில் கருகிவிடும். ஹை ரேஞ்சில், அதாவது வேகமாகப் போவதற்கான கியர் நிலையில், பாரமான டிரெய்லரை மேட்டில் மெதுவாக இழுக்கும்போது புல்லி பெல்ட்டை முழுதாகக் கவ்வாது. பெல்ட் வழுக்கும், சூடேறும், அதன் பக்கவாட்டு கண்ணாடி போலப் பளபளப்பாகும், பிறகு இன்னும் வழுக்கும். சேற்றில் சிக்கி நகராத வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தால் பெல்ட்டில் ஒரே இடம் மட்டும் தேய்ந்து குறுகிப்போகும். அதற்குப் பின் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் 'தட் தட்' என்று ஒரு உதறல் வரும். பழைய வண்டியை ஓட்டிப் பார்க்கையில் அந்த உதறல் தெரிந்தால் பெல்ட் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். சுமை இழுக்கும்போதும், சுமார் 10 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே போகும்போதும் லோ ரேஞ்ச்தான், அதாவது மெதுவாக, அதிக இழுவையோடு போகும் நிலை.

எல்லா சிவிடியும் ஒன்றல்ல. யமஹாவின் அல்ட்ராமேட்டிக்கில் பெல்ட் எப்போதும் இறுக்கமாகவே இருக்கும். வண்டியைக் கிளப்பும் வேலையை ஆயிலில் மூழ்கிய தனி கிளட்ச் செய்கிறது. கிளம்பும்போது பெல்ட்டே வழுக்கிப் பிடிக்க வேண்டிய அமைப்பைவிட இதில் பெல்ட் நீடித்து உழைக்கும். நின்று நின்று கிளம்பும் வேலை, தண்ணீர், சேறு என்றால் நான் கியர் வண்டியைத்தான் சொல்வேன். பலர் மாறி மாறி ஓட்டுவார்கள், தூரம் அதிகம் என்றால் பெல்ட் வண்டி சரி. கூடவே ஒரு ஸ்பேர் பெல்ட்டும் அதை மாற்றும் டூலும் வண்டியிலேயே இருக்கட்டும். பெல்ட் கேஸுக்குள் தண்ணீர் போய்விட்டால், அடியிலுள்ள ட்ரெயின் பிளக்கைக் கழற்றி வடித்துவிட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஓட விட்டுக் காயவைத்தால் போதும்.

பின் சஸ்பென்ஷனிலும் இதே கணக்குதான். நான்கு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் 4x4 வண்டியில் நான்கு ஆக்சில், எட்டு ரப்பர் பூட் (ஆக்சில் முனையிலுள்ள மூட்டை மூடும் உறை). பின்னால் ஒற்றை ஆக்சில் இருந்தால் முன்னால் உள்ள நான்கு பூட் மட்டும்தான். ஒரு பூட் கிழிந்தால் கிரீஸ் வெளியே, மணல் உள்ளே; அந்த மூட்டு, அதாவது சிவி ஜாயின்ட், கொஞ்ச நாளில் 'கடகட' என்று சத்தம் போடும். மேடு பள்ளம் அதிகமில்லாத நிலத்தில் சுமை இழுக்க மட்டும் என்றால் ஒற்றை ஆக்சில் போதும்.

சுமை என்றதும் இழுக்கும் திறனை மட்டும் பார்ப்பவர்கள் ரேக்கின் (வண்டி மேலேயே சுமை வைக்கும் தட்டு) எடை வரம்பை மறந்துவிடுகிறார்கள். யமஹா கிரிஸ்லி 700 இழுப்பது 600 கிலோ, ஆனால் அதன் பின் ரேக் தாங்குவது 90 கிலோதான். நூறு லிட்டர் தண்ணீர் மட்டுமே நூறு கிலோ. டேங்க், பம்ப் எடை தனி. பாதி நிறைந்த டேங்கில் தண்ணீர் சரிவில் ஒரு பக்கமாக அலையடித்து வண்டியைச் சாய்த்துவிடும். பெரிய டேங்க் வேண்டுமென்றால் டிரெய்லரில் வையுங்கள். டயரில் காற்று பல மாடல்களில் 5 பிஎஸ்ஐ அளவுதான். கார் கேஜில் அது சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்தக் கேஜ் தனியாக வாங்க வேண்டும்.

பழைய வண்டி பார்க்கப் போனால் முதலில் இன்ஜின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டியை முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கலாம். ஆறட்டும் என்று காத்திருங்கள். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, இன்ஜின் பக்கம் போகும் குழாயின் உட்புறத்தை விரலால் துடையுங்கள். விரலில் மணல் நறநறத்தால் மேற்கொண்டு பேச வேண்டாம். ஃபில்டரைத் தாண்டிய தூசு ஆயிலோடு சேர்ந்து அரைக்கும் பேஸ்ட் ஆகிவிடும். பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்திருக்கும். இந்த ஒரு சோதனை மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் வீல் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இடமும் வலமுமாக மட்டும் ஆடினால் டை ராடு எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனை). இன்ஜின் ஆயிலும் டிஃபரென்ஷியல் ஆயிலும் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ரேடியேட்டர் உள்ள வண்டியை, ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும் வரை நின்ற இடத்திலேயே ஓட விடுங்கள்.

பல வண்டிகளின் மீட்டரில் கிலோமீட்டரோடு, இன்ஜின் ஓடிய மணிக்கணக்கும் இருக்கும். 1,500 கிலோமீட்டர் என்றால் புதுசு போலத் தோன்றும். அதுவே 300 மணி நேரம் ஓடியிருந்தால் சராசரி வேகம் 5 கிலோமீட்டர். முழுக்க மெதுவான வேலையில் உழைத்த வண்டி அது. பெல்ட், கிளட்ச் இரண்டையும் கழற்றிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மாடலை முடிவு செய்தாலும் பணம் கட்டும் முன் நான்கு பொருள் கையிருப்பில் உள்ளதா என்று பாகங்கள் விற்பவரிடம் கேளுங்கள்: பெல்ட், ஏர் ஃபில்டர், பிரேக் பேட், சிவி பூட். நான்கில் இரண்டுக்கு மேல் "ஆர்டர் போட்டு வரவழைக்கணும்" என்று பதில் வந்தால் வேறு மாடல் பாருங்கள்.