ரெமிமசோலம் கொடுத்து மயக்கம் தொடங்கும்போது

ரெமிமசோலம் போன்ற புதிய மயக்க மருந்து என்றதும் எல்லாரும் கேட்பது, ஆள் எத்தனை விநாடியில் தூங்கினார் என்பதைத்தான். நாங்கள் அதைவிட உற்றுப் பார்ப்பது, அதற்கடுத்த சில நிமிட ரத்த அழுத்தத்தை. ஜப்பானில் 375 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான மயக்க மருந்தான ப்ரோபோஃபால் சராசரியாக 79 விநாடியில் தூங்க வைத்தது. ரெமிமசோலத்துக்கு 89 முதல் 102 விநாடி ஆனது. ஆனால் ரத்த அழுத்தம் சரிந்தது ப்ரோபோஃபாலில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு, ரெமிமசோலத்தில் நாலில் ஒருவருக்கும் குறைவாக. 2020 ஜனவரியில் ரெமிமசோலத்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

இப்படி இரண்டையும் ஒப்பிடும் ஆய்வில், நோயாளியின் ஒப்புதல் கையெழுத்தை வார்டிலேயே வாங்கிவிட வேண்டும். தியேட்டர் மேசையில் படுத்துக்கொண்டு பயத்தில் போடும் கையெழுத்து ஒப்புதலே இல்லை. முன்மருந்தாக மிடசோலம் வேண்டாம்: அதுவும் ரெமிமசோலம் போலவே பென்சோடயசபைன் என்ற மருந்துக் குடும்பம், தூங்கும் விநாடிக் கணக்கைக் கெடுத்துவிடும். ப்ரோபோஃபால் பால்போல வெள்ளை, ரெமிமசோலம் தெளிந்த நீர். கொடுப்பவருக்கு எது என்று தெரிந்துவிடும். அதனால் விழிப்பைச் சோதிப்பவர் சிரிஞ்சைப் பார்க்காத இடத்தில் நிற்பது நல்லது.

ரெமிமசோலம் 50 மி.கி. பொடியை 50 மி.லி. சலைனில் கரைத்தால் மி.லி.க்கு 1 மி.கி. ரிங்கர் கரைசலில் (நரம்பில் ஏற்றும் இன்னொரு திரவம்) கரைக்கவே கூடாது. மருந்து படிந்து லைன் அடைத்துக்கொள்ளும். ரிங்கர் ஓடும் லைனிலேயே சேர்த்துவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று தவிப்பதும் உண்டு. தனி லைன் வையுங்கள்.

தொடக்க வேகம் கிலோவுக்கு மணிக்கு 12 மி.கி. 60 கிலோ ஆளுக்கு அது நிமிடத்துக்கு 12 மி.லி. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோளைத் தட்டிப் பாருங்கள். பதில் நின்ற விநாடியைக் குறித்த கையோடு வேகத்தைக் கிலோவுக்கு மணிக்கு 1 மி.கி.க்கு இறக்குங்கள், அதாவது அதே ஆளுக்கு மணிக்கு 60 மி.லி. மறந்தால் நாலு நிமிடத்தில் சிரிஞ்ச் முழுதும் உள்ளே போய்விடும். ஆய்வில் நாங்கள் மிகவும் அஞ்சும் இடம் இதுதான். முதியவர்களுக்கும் உடல் தளர்ந்தவர்களுக்கும் பாதி வேகத்தில் தொடங்குவோம்.

மூளை அலைகளை வைத்து மயக்கத்தின் ஆழத்தைக் காட்டும் பிஐஎஸ் எண் 60க்குக் கீழே வராமல் நிற்கலாம். ஆள் தூங்கியிருந்தும் அப்படி நிற்கும். எண்ணை மட்டும் பார்த்து மருந்தை ஏற்றிக்கொண்டே போனால் விழிக்கத் தாமதமாகும். மாற்று மருந்தான ஃப்ளுமாசெனில் கொடுத்து எழுப்பலாம். எழுந்தவர் மறுபடி தூக்கத்தில் ஆழ்ந்த நிகழ்வுகள் பதிவாகியிருப்பதால், வார்டுக்கு அனுப்ப அவசரப்படாமல் மீட்பறையில் மூச்சையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொண்டே இருங்கள்.