வயல் சேறும் சனிக்கோளின் நிலவும்

மன்னார்குடிப் பக்கம் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் கால் வைத்தால் சேற்றிலிருந்து குமிழி குமிழியாகக் கிளம்பும். அதில் மீத்தேன் உண்டு. (மீத்தேன் என்றாலே நம் டெல்டாவில் போராட்டம்தான் நினைவுக்கு வரும். இது வேறு சங்கதி.) காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள் செய்கிற வேலை அது. அவற்றில் ஒரு வகை, ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும். வெயிலும் வேண்டாம், ஆக்சிஜனும் வேண்டாம்.

சரி, இப்போது சனிக்கோளின் நிலவான என்செலடஸுக்கு வாருங்கள். மேலே பனிக்கட்டி, உள்ளே உப்புக்கடல். தென்துருவத்தில் நீராவி பீய்ச்சியடிப்பதை காசினி விண்கலம் 2005-இல் கண்டது. அப்புறம் அந்தப் பீச்சலுக்குள்ளேயே புகுந்து பறந்தது! அதில் ஹைட்ரஜன் இருக்கிறது என்று 2017-இல் அறிவித்தார்கள். கார்பன் டை ஆக்சைடும் மீத்தேனும் கூட இருக்கின்றன. காசினி அனுப்பிய தரவுகளிலிருந்தே 2023-இல் பாஸ்பேட்டும் தெரியவந்தது. வயலுக்கு டி.ஏ.பி. என்கிற பாஸ்பேட் உரம் போடுகிற நமக்கு அதன் அருமை தெரியும்.

ஆனாலும் உயிர் இருக்கிறது என்று விஞ்ஞானிகள் சொல்லிவிடவில்லை. பாறையும் தண்ணீரும் வினைபுரிந்தும் மீத்தேன் உருவாகலாம். அந்த நிதானம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நுண்ணுயிரியல் படிக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். இந்தத் தேடலில் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.