தெரிந்துதான் திருப்பினேன்

“நோயால் நடந்தது என்று எல்லாரிடமும் சொல்லாதீர்கள் ஐயா. தெரிந்துதான் காரைத் திருப்பினேன். எதிரே வந்த லோரியில் ஓர் ஆள் இருந்ததும் எனக்குத் தெரியும்.”

மருந்து வாங்க வந்த பையன் இதைச் சொன்னான். “இப்படிப் பேச வைப்பதே உன் நோய்தான் தம்பி” என்றேன் நான். அவன் மேற்கொண்டு வாய் திறக்கவில்லை. மருந்துப் பையின் வாயை மடித்தான், மறுபடியும் மடித்தான், இனி மடிக்க இடமில்லை என்னும் அளவுக்குச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டு எழுந்து போனான்.

அந்த விபத்தைப் பற்றி மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் தெரியாதவர்கள் இல்லை. சாக நினைத்து லோரியின் மேல் காரை விட்ட பையன் பிழைத்துக்கொண்டான். செம்பனைக் குலை ஏற்றி வந்த லோரியின் ஓட்டுநரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் அவருடைய வலது கால் பழையபடி ஆகவில்லை. வழக்கு முடிந்துவிட்டது. என் மனத்தில் மட்டும் நான் அவனுக்குச் சொன்ன அந்த ஒரு பதில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருக்கிறது.

என் பக்க நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மருத்துவ உதவியாளராக இந்த ஊரோடு நான் மல்லுக்கட்டி வருவதே, “இது நோய்” என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல வைக்கத்தான். 1911-இல் தொடங்கிய பெரிய மனநல மருத்துவமனை பக்கத்திலேயே, தஞ்சோங் ரம்புத்தானில் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரையே வசைச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். பிள்ளைக்குத் தூக்கம் போனால் முதலில் கோயில், பிறகு மந்திரித்த கயிறு. எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் எங்களிடம் வருகிறார்கள். விபத்துக்குப் பிறகும் காப்பிக் கடையில் இரண்டே பேச்சு. பேய் பிடித்திருக்கிறது என்றார்கள் சிலர். சாகிறவன் தனியாகச் சாக வேண்டியதுதானே, திமிர் பிடித்தவன் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: கடுமையான மனச்சோர்வு, அதோடு மனப்பிறழ்வும் சேர்ந்திருந்தது, சிகிச்சை கிடைத்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது. அதில் எதையும் நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். தற்கொலைக்கு முயன்றவரைச் சிறைக்கு அனுப்பிய, குற்றவியல் சட்டத்தின் 309-ஆவது பிரிவை நம் நாடாளுமன்றம் 2023-இல்தான் நீக்கியது. அதுவரை சட்டமும் காப்பிக் கடை போலத்தான் பேசிக்கொண்டிருந்தது.

ஆனால் எதிரே ஒருவர் வந்துகொண்டிருந்தாரே. அங்கேதான் என் பதில் தடுமாறுகிறது.

குற்றவியல் சட்டத்தின் 84-ஆவது பிரிவு, சித்தம் கலங்கியவனைக் குற்றத்திலிருந்து விடுவிக்கிறது. இங்கிலாந்தில் 1843-இல், சித்தம் கலங்கியவர் என்று விடுவிக்கப்பட்ட மெக்நாட்டன் என்பவரின் கொலை வழக்கையொட்டி எழுந்த விதியின் வழி வந்தது அது. அது கேட்கும் கேள்வி குறுகலானது: செய்வது இன்னதென்று அந்த நேரத்தில் அவனுக்குத் தெரிந்ததா? அது தவறு என்றோ சட்டத்துக்கு விரோதம் என்றோ தெரிந்ததா? தன்னைத் தடுத்துக்கொள்ள அவனால் முடிந்ததா என்று அது கேட்பதில்லை. மனச்சோர்வுக்காரருக்குப் பெரும்பாலும் எல்லாம் தெரிந்துதான் இருக்கும். லோரி என்றும் தெரியும், மோதினால் என்ன ஆகும் என்றும் தெரியும். தெரிந்ததைக் கொண்டு வேறொரு முடிவுக்கு வரும் வலுதான் இருக்காது. பையன் “தெரியும்” என்று சொன்னபோது, சட்டம் கேட்கும் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொன்னான். நான் மருத்துவம் கேட்கும் கேள்விக்குப் பதில் சொன்னேன். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசவே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

2023 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் ஒரு மருத்துவர் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு கடலோர மலைச்சாலையிலிருந்து காரைக் கீழே இறக்கினார். நால்வரும் உயிர் பிழைத்தார்கள். 2024-இல் நீதிபதி அவரைச் சிறைக்குப் பதிலாக மனநல சிகிச்சைக்கு அனுப்பினார். மனைவியே அவருக்காகப் பேசினார். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது. பிறகு யோசித்தேன்: அங்கே மன்னிக்க வேண்டியவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். எங்கள் ஊரில் அவர் யாரோ ஒரு லோரி ஓட்டுநர்.

அந்த அண்ணனும் என்னிடம்தான் வருகிறார். தோட்டத்தில் பிறந்தவர்; மருத்துவ உதவியாளருக்குத் தோட்டத்தில் வழங்கிய பழைய பெயரால் என்னை இன்னும் டிரசர் என்றே அழைப்பார். “காலை விடுங்கள் டிரசர், ராத்திரியில் கண்ணை மூடினால் அவன் முகம்தான் வருகிறது. ஹாரன் அடிக்கிறேன், அவன் என்னைப் பார்க்கிறான்” என்றார் ஒரு நாள். நோய்தான் காரணம் என்று அவரிடமும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். “நோய் என்றால் சரி. அப்போது நான் யார்மேல் கோபப்படுவது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தூக்க மாத்திரைக்கு டாக்டரைப் பார்க்கச் சொல்லி அனுப்பினேன்.

பையன் அன்று இன்னொன்றும் கேட்டிருந்தான்: “அவரை ஒருமுறை போய்ப் பார்க்கலாமா ஐயா?” வேண்டாம், இப்போது வேண்டாம் என்றேன். காரணம் இருக்கிறது. குற்ற உணர்வு இந்த நோயின் அறிகுறிகளில் ஒன்று. அந்த வீட்டு வாசலில் யாராவது ஒரு சொல் சுடச்சுடச் சொல்லிவிட்டால், இவன் மறுபடி எந்தச் சாலையில் நிற்பான்? அவன் உயிரோடு இருப்பதுதான் எனக்கு முதல் வேலை. இந்த இடத்தில் நான் இன்றும் உறுதியாகத்தான் நிற்கிறேன்.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. நோய் முற்றியிருந்த காலத்தில் அவனுக்கு எல்லாவற்றிலும் குற்றம் தெரிந்தது. அம்மாவுக்கு இனிப்பு நீர் வந்ததும் தன்னால், தங்கை பரீட்சையில் தேறாததும் தன்னால். மருந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகு அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அம்மாவின் வியாதிக்குத் தான் காரணமில்லை என்று அவனே சொன்னான். மிஞ்சியது ஒன்றே ஒன்று, அந்த லோரிக்காரர். நோயின் குற்ற உணர்வு கண்டதையெல்லாம் பற்றும். இது ஓர் ஆளிடம் மட்டும் நின்றுவிட்டது. அப்படியானால் அது நோயா, தெளிவா? தெளிவு என்றால், குணமானதன் முதல் அடையாளத்தையே நான் நோய் என்று சொல்லி அடக்கிவிட்டேன். ஆனால் ஒரே ஒரு குற்றத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி சரிந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களும் இவனைப் போலவே தெளிவாகத்தான் பேசினார்கள்.

அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று, அவன் செய்ததை அவன் கையிலிருந்து பிடுங்கி நோயின் கையில் கொடுத்தோம். திட்டியவர்கள்கூட அவனை ஒரு மனிதனாக வைத்துத்தான் திட்டினார்கள். இப்படி எழுதும்போதே கை கூசுகிறது, ஏனென்றால் அந்தத் திட்டுக்குப் பயந்து சிகிச்சைக்கே வராதவர்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

மனநல மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு பேரையும் தனித்தனியாகக் கேளுங்கள், இருவரும் தயார் என்றால் யோசிப்போம் என்றார். பையனைக் கேட்பது சுலபம், அவன் ஏற்கெனவே கேட்டுவிட்டான். அண்ணனிடம் இன்னும் பேச்செடுக்கவில்லை. அவர் சம்மதித்தால் இருவரையும் ஓர் அறையில் உட்கார வைக்க வேண்டும். மறுத்தால் அதைப் பையனிடம் சொல்ல வேண்டும். இவற்றில் எது எனக்குக் கடினம் என்று இன்னும் பிடிபடவில்லை.