தடைக்காலத்தில் போட்டில் இருந்து வேலை

ஜூன் 3, 2025
மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அதுவரை எங்கள் மீன்பிடிப் போட்டு கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காப்பட்டணம் துறைமுகத்தில்தான் கிடக்கும். காவலுக்கு ஆள் வேண்டும். வீட்டில் மாடி கட்டுகிற சத்தத்தில் ஒரு மீட்டிங் பேச முடியவில்லை. அதனால் லேப்டாப்போடு போட்டுக்கே வந்துவிட்டேன். தளத்தில் நின்றால் போனில் சிக்னல் நன்றாக இருக்கிறது. போட்டை ஓட்டும் அறையான வீல்ஹவுசுக்குள் நுழைந்தால் போய்விடுகிறது. முழுக்க இரும்புப் போட்டு. இரும்பு ரேடியோ அலையை உள்ளே விடாது, கண்ணாடி வழியாக வருவதுதான் வரவு.

ஜூன் 6
போனில் சிக்னல் கோடுகளைப் பார்த்துப் பயனில்லை. போன் அமைப்புகளில் டெசிபெல் எண் இருக்கும், அதைப் பார்க்க வேண்டும். மைனஸ் 90 பக்கம் என்றால் நல்லது, மைனஸ் 110-ஐத் தாண்டினால் வீடியோ கால் நிற்காது. எனக்கு மேசையில் மைனஸ் 114, கேபின் கூரைமேல் மைனஸ் 88. பெரிய பிளானுக்கு மாறச் சொல்கிறார்கள் நண்பர்கள். அந்தக் காசை உயரத்துக்குச் செலவழிப்பதே சரி.

ஜூன் 11
மழை விட்ட நேரம் பார்த்து, போட்டை ஓட்டும் ஸ்ராங்கு மாமாவும் நானும் சிம் போடுகிற வெளிப்புற ரூட்டரை மாஸ்டின், அதாவது போட்டுக் கம்பத்தின், உச்சியில் கட்டினோம். ஆன்டெனாவை மட்டும் மேலே வைத்து ரூட்டரைக் கீழே வைத்தால், இடையிலுள்ள நீளக் கேபிளே பாதி சிக்னலைத் தின்றுவிடும். ரூட்டரே மேலே இருந்தால் ஒரே லேன் வயரில் கரன்ட் மேலே போகும், டேட்டா கீழே வரும். போட்டு பேட்டரி 24 வோல்ட், ரூட்டருக்கு 12. நடுவில் ஒரு கன்வெர்ட்டர். ஒரு திசையை மட்டும் பார்க்கும் ஆன்டெனா கரைவீட்டுக்கு நல்லது. இங்கே அலைக்கும் காற்றுக்கும் போட்டு கயிற்றில் திரும்பிக்கொண்டே இருக்கிறது, அதனால் எல்லாத் திசையும் பிடிப்பதையே வாங்கினேன்.

"நெட்டு கிட்டுதா மக்கா?" என்று மேலே இருந்தபடியே கேட்டார் மாமா. கிட்டியது. மேசையிலேயே மீட்டிங் முடிந்தது.

ஜூன் 19
இரவு எட்டு மணிக்குமேல் சிக்னல் அப்படியே இருக்க வேகம் மட்டும் விழுகிறது. ஊர் முழுக்க அதே டவரில்தான். வேறு கம்பெனி சிம் ஒன்றை இரண்டாவதாகப் போட்டேன். ஒன்று படுத்தால் ரூட்டர் தானாக மற்றதுக்கு மாறுகிறது. உப்புக்காற்று பித்தளையையும் விடாது என்பதால் இணைப்புகளுக்கு ரப்பர் டேப் சுற்றியாயிற்று.

ஜூன் 29
பேதுரு, பவுல் திருநாள். பூசை முடிந்து மாமா போட்டுக்கு வந்தார். ஒக்கி புயல் பற்றிப் பேச்சு வந்தது. 2017 நவம்பர் 30. எச்சரிக்கை வந்தபோது தூத்தூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில். வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. எத்தனையோ பேர் திரும்பவில்லை. மாமா இன்னும் அந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்கிறார்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 40 மீட்டர் டவருக்கும் 6 மீட்டர் மாஸ்டுக்கும் நேர்ப்பார்வை சுமார் 30 கிலோமீட்டர்தான், அதற்கப்பால் பூமியின் வளைவு மறைத்துவிடும். எங்கள் போட்டுகள் போவது நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். அங்கே செயற்கைக்கோள் மட்டும்தான் கதி.

ஜூலை 12
செயற்கைக்கோள் இணையம் தரும் ஸ்டார்லிங்குக்குப் போன மாதம் உரிமம், இந்த வாரம் விண்வெளித் துறை அமைப்பான இன்-ஸ்பேஸின் அனுமதி. அலைக்கற்றை ஒதுக்கீடு பாக்கி, இணைப்பு இன்னும் இல்லை. துரையா, இரிடியம் சாட்டிலைட் போன்களுக்கு இந்தியாவில் தடை. இப்போதைக்கு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்ப இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் கருவிதான் துணை: பேச முடியாது, குறுஞ்செய்தி போகும், வரும், ஆபத்து அழைப்பும் கொடுக்கலாம். நாளைக்கு வரும் செயற்கைக்கோள் இணைய விலையை ஒரு போட்டின் டீசல் கணக்கைப் பார்த்து வைக்க வேண்டும். கப்பல் கம்பெனிக்கான விலையை வைத்தால் எங்கள் ஊரில் எவரும் வாங்க முடியாது.

ஜூலை 30
டிரான்ஸ்பாண்டரைச் சோதித்தோம், செய்தி போனது. ரூட்டரைக் கழற்ற வந்தவன் அப்படியே விட்டுவிட்டேன். திரும்பி வரும்போது கையிலுள்ள போனைவிட மாஸ்ட் முன்னதாகச் சிக்னல் பிடிக்கும். வீட்டுக்குப் பேசலாம், துறைமுகத்தில் மீன் விலையும் கேட்கலாம். அப்பாவும் சரியென்றார். இரண்டு சிம்மையும் மூன்று மாதத்துக்கு ரீசார்ஜ் செய்தேன். கடவுச்சொல்லை வீல்ஹவுஸ் கதவுக்கு உள்பக்கம் பெயின்டில் எழுதியிருக்கிறோம்.