விபத்துப் பதிவேட்டில் ஒரு வரி

ஜூலை 11, 2023, உதகமண்டலம்

இன்று காலை எங்கள் பல்கலைக்கழக ஆய்வகத்தில், அழுத்த நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் மூடியைத் திறந்தபோது பீறிட்ட நீராவியில், துப்புரவுக்கும் பாத்திரங்கள் கழுவவும் ஒப்பந்தத்தில் வந்திருக்கும் அக்காவின் வலது முன்கை வெந்துவிட்டது. யாரோ பற்பசையை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்கள். தடுத்துவிட்டு, வீக்கம் ஏறுமுன் வளையல்களைக் கழற்றி, கையைக் குழாயடியில் இருபது நிமிடம் பிடித்திருந்தேன். மழைக்காலத்து ஊட்டித் தண்ணீரில் என் விரல்கள் மரத்துப்போயின. அக்கா ஒரு சொல்லும் பேசாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரசு மருத்துவமனையில் மருத்துவர் விவரம் கேட்டபோது, உடன் வந்த ஒப்பந்த மேற்பார்வையாளர் முந்திக்கொண்டு, "வீட்ல குளிக்க வெந்நீர் தூக்கும்போது கொட்டிடுச்சு சார்" என்றார். நான் மறுத்து, நடந்ததைச் சொன்னேன். ஏ.ஆர். காப்பியில், அதாவது மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலில், முதல் நாள் எழுதப்படும் அந்த ஒரு வரிதான் பின்னர் இழப்பீட்டுக்கும் விசாரணைக்கும் சான்றாக நிற்கும். அதில் 'வீடு' என்று விழுந்துவிட்டால், பிறகு அதை மாற்ற ஓர் ஏழைப் பெண் எத்தனை படி ஏற வேண்டும்!

ஜூலை 12

அறிக்கை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'பணியாளரின் கவனக்குறைவு' என்று போடச் சொன்னார்கள், போடவில்லை. உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவாதலால், சமவெளியில் 15 பவுண்டு அழுத்தத்தில் கிடைக்கும் 121 டிகிரி வெப்பத்துக்கு இங்கு ஆட்டோகிளேவின் அழுத்தமானியில் முள் 18-ஐத் தாண்ட வேண்டும். சுவரில் ஒட்டியிருக்கும் அட்டையோ சமவெளிக்கு எழுதப்பட்டது. அட்டையை விட்டுக் கைப்பழக்கத்தை நம்பியே நாங்கள் வேலை செய்து வந்தோம். அந்தப் பழக்கத்தில், சில வாரங்களாக அழுத்தம் முழுதும் இறங்கிய பின்னும் முள் 2-இலேயே நின்றதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2-இல் நின்றால் திறக்கலாம் என்று ஆகிவிட்டது. நேற்று உள்ளே உண்மையாகவே அழுத்தம் மிச்சமிருந்தது.

இதை அப்படியே எழுதினேன். ஒருவர்மீது பழியைப் போட்டு முடித்துவிட்டால் அந்த மானி அங்கேயேதான் இருக்கும்.

ஜூலை 15

"அவங்க நம்ம ஸ்டாஃப் இல்லையே மேடம், காண்ட்ராக்டர் பார்த்துப்பார்" என்று நிர்வாக அலுவலகத்தில் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வேலை வாங்கினாலும் முதன்மை முதலாளியிடம் இழப்பீடு கேட்கத் தொழிலாளிக்கு வழி உண்டு என்கிறது, 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு. அதைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதி, தபால் பிரிவில் தேதி முத்திரையுடன் நகல் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 1

அக்கா வேலைக்கு வராமல் இன்றோடு இருபத்தொரு நாள். கடுமையான உடற்காயம் எது என்று விளக்குமிடத்தில் அதே சட்டம், கைகால் முறிவோடும் பார்வையிழப்போடும் சேர்த்து, 20 நாள்களுக்கு மேல் வேலைக்கு வர இயலாத நிலையையும் வைத்திருக்கிறது. 'சிறு காயம்' என்ற நிர்வாக அலுவலகத்தின் குறிப்பை மாற்றக் கோரி இன்று மூன்றாவது கடிதம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6

அறிக்கையின் நகலோடு கேத்தியில் அக்காவின் வீட்டுக்குப் போனேன். புதுத்தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருக்கிறது. விரல்களை முழுதாக மடக்க இன்னும் வலிக்கிறது. நான் படிக்கப் படிக்கக் கேட்டவர், முடிந்ததும், "முள்ளு சரியில்லைனு ஜூன்லயே உங்ககிட்ட சொன்னேனே மேடம், அதை எழுதலையா?" என்றார்.

சொன்னார். ஆய்வக வாசலில், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். நான் பார்க்கிறேன் என்று சொல்லி மறந்துபோனேன்; அன்று எந்தப் பதிவேட்டிலும் அது ஏறவில்லை. அவர் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து, அவர் சொன்ன சொற்களிலேயே அதைச் சேர்த்து, யாரிடம் சொன்னார் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன்.